குறிபார்க்கும் முறைகள்: பூல் ஆட்டத்தில் அவற்றின் உண்மைப் பயன்

பூல் ஆட்டத்தில் பந்தைக் குழிக்குள் செலுத்துவதற்குப் பல குறிபார்க்கும் முறைகள் இன்று கற்பிக்கப்படுகின்றன. அவற்றுக்கென நூல்களும் காணொளித் தொகுப்புகளும் கட்டணப் பயிற்சிகளும் உள்ளன. ஏ.எஸ்.ராவ் நகர்க் கிளையில் பணியாற்றுபவனும், ஓய்வு நேரத்தில் கோல் பிடிப்பவனும் ஆகையால், பிள்ளைகளை இவ்வாட்டத்தில் ஈடுபடுத்தியுள்ள வாடிக்கையாளர்கள் என்னிடம் ஒரு வினா எழுப்புவதுண்டு: “இம்முறைகளுக்குப் பணம் கட்டுவது தகுமா?” இதற்கான விடையைச் சிறிது வடிவியலும் சிறிது கணக்கும் தந்துவிடும்.

பெற்றோரின் ஆர்வம் அடிப்படையற்றதன்று. ஸ்னூக்கர் ஆட்டம் 1875-இல் ஜபல்பூரில் பிரித்தானியப் படை அதிகாரி நெவில் சேம்பர்லேனால் உருவாக்கப்பட்டது என்பதும், 1882-இல் உதகமண்டலம் மன்றத்தில் அதன் விதிகள் எழுதி வைக்கப்பட்டன என்பதும் பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. 1958-இல் கொல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். பின்னர் மைக்கேல் ஃபெரீரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி ஆகியோர் அவ்வழியில் உலகப் பட்டங்களைக் கொணர்ந்தனர். 2025-இல் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டம் பெற்றார். எனவே பயிற்சிக்குச் செலவிடுவதில் தவறில்லை. எப்பயிற்சிக்கு என்பதே ஆராயத்தக்கது.

முறைகள் எவை?

முதலாவது, கற்பனைப் பந்து முறை. பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். குழியிலிருந்து இலக்குப் பந்தின் மையம் வழியாக ஒரு கோடு வரைந்து, அதே கோட்டில் பந்துக்குப் பின்னால் அதைத் தொட்டவாறு இன்னொரு பந்து இருப்பதாகக் கொள்ள வேண்டும். அக்கற்பனைப் பந்தின் மையத்தை நோக்கி வெள்ளைப் பந்தைச் செலுத்த வேண்டும். வடிவியல் நோக்கில் இது முற்றிலும் சரியானது. ஆனால் இல்லாத பந்தின் மையத்தை வெறும் துணிப்பரப்பில் காண்பது கண்ணுக்கு எளிதன்று.

இரண்டாவது, பின்ன முறை. வெள்ளைப் பந்து இலக்குப் பந்தை எவ்வளவு மறைத்து மோதுகிறது என்பதைக் கொண்டு கோணத்தை அறிவது இது. முழுப் பந்து மறைந்தால் நேர் வழி. முக்கால் மறைந்தால் ஏறத்தாழ 14.5 பாகை, அரைப் பந்து 30 பாகை, கால் பந்து ஏறத்தாழ 48.6 பாகை. அரைப் பந்து மோதலில் வெள்ளைப் பந்தின் மையம் இலக்குப் பந்தின் விளிம்பை நோக்கிச் செல்கிறது. விளிம்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதால், தொடக்க நிலையினர் இதனை விரைவில் கற்கின்றனர்.

மூன்றாவது, மையம்–விளிம்பு முறை. வெள்ளைப் பந்தின் மையத்தை இலக்குப் பந்தின் விளிம்போடு பொருத்திப் பார்த்து, பின்னர் கோலைக் குறிப்பிட்ட அளவு திருப்பிக் கொள்வது இதன் சாரம். அதிகக் கட்டணத்துக்குக் கற்பிக்கப்படுவதும், அதிக விவாதத்துக்கு உள்ளாவதும் இதுவே.

ஒரு மில்லிமீட்டரின் விலை

குழியை நோக்கிய நேர் அடியொன்றை எடுத்துக்கொள்வோம். மோதும் நொடியில் வெள்ளைப் பந்தின் மையம் பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் விலகியிருந்தால், இலக்குப் பந்து ஏறத்தாழ 1 பாகை விலகிச் செல்லும். குழி ஒரு மீட்டர் தொலைவில் இருந்தால், அங்கு அவ்விலகல் 17.5 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

மூலைக் குழியின் வாய் ஏறத்தாழ 115 மில்லிமீட்டர். பந்தின் அகலத்தைக் கழித்தால் இருபுறமும் ஏறக்குறைய 29 மில்லிமீட்டரே சலுகை. இப்போது வெள்ளைப் பந்தும் இலக்குப் பந்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது எனக் கொள்வோம். அது பாகையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் திசை தவறினால், மோதும் இடத்தில் 1.75 மில்லிமீட்டர் விலகும். குழியருகே இலக்குப் பந்து ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் விலகியிருக்கும். சலுகை தீர்ந்துவிட்டது. ஒன்பதடி மேசையில் இது சாதாரண அடியே. சாய்வான அடிகளில் நிலை இன்னும் கடினம்: 60 பாகை வெட்டில் அதே 1 மில்லிமீட்டர் பிழை 2 பாகை விலகலாகிறது.

எந்தக் குறிபார்க்கும் முறையும் கோலை நேராகச் செலுத்தித் தராது. கை பாகையில் அரைப் பங்கு தடுமாறும் நிலையில், குறியை இன்னும் நுட்பமாக்குவதால் பெறும் பயன் மிகச் சிறிது. ஏ.எஸ்.ராவ் நகரின் பெயருக்குரிய டாக்டர் ஏ.எஸ்.ராவ், 1967-இல் தொடங்கப்பெற்ற இ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கியவர். மின்னணுக் கருவிகளைச் செய்யும் அந்நிறுவனத்தின் அருகில் வளர்ந்த இக்குடியிருப்பினருக்கு, பெரிய பிழை வேறிடத்தில் இருக்கையில் அளவுகோலை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பதை எளிதில் விளக்கிவிடலாம்.

முறை தருவதும் தராததும்

வெட்டுக் கோணங்கள் எண்ணற்றவை. எம்முறை தரும் நிலைகளோ சிலவே. 14.5 பாகைக்கும் 30 பாகைக்கும் இடைப்பட்டதை ஆட்டக்காரரின் கண்ணே நிரப்ப வேண்டும். பல்லாண்டு அனுபவம் உடையவர் அறியாமலே அதைச் செய்துவிட்டு, வெற்றியை முறையின் கணக்கில் வரவு வைக்கிறார்.

பந்துகளுக்கிடையே உராய்வும் உண்டு. வெட்டி அடிக்கும்போது இலக்குப் பந்து வடிவியல் காட்டும் கோணத்தைவிடச் சற்றுக் குறைவாகவே திரும்பும். மெதுவான அடிகளில் இவ்வேறுபாடு சில பாகை வரை செல்லக்கூடும். வெள்ளைப் பந்தின் பக்கவாட்டில் அடித்தால் அதன் வழியும் மாறும். இவற்றை அனுபவமே திருத்துகிறது.

ஆயினும் முறைகளுக்குப் பயன் இல்லை எனல் பொருந்தாது. ஒவ்வோர் அடிக்கும் முன் ஒரே இடத்தில் நிற்கவும், ஒரே வரிசையில் பார்க்கவும், குனிந்த பின் மனம் மாறாதிருக்கவும் அவை பழக்குகின்றன. தன் கண்ணுக்கு ஏற்ற நிலையை அறிவதும் இதில் அடங்கும். ஸ்னூக்கர் மேதை ஜோ டேவிஸ் வலக்கண் பார்வை குறைந்தவர். கோலை இடக்கண்ணின் கீழ் வைத்தே ஆடி 15 உலகப் பட்டங்களை வென்றார்.

கணக்கெழுதிக் காணும் வழி

வங்கிக் காசாளரிடம் நாள் முடிவில் ரொக்கம் ஒரு நாள் கூடி, ஒரு நாள் குறைந்தால் எண்ணும் கை அவசரப்படுகிறது என்போம். நாள்தோறும் ஒரே பக்கம் குறைந்தால் பதிவு முறையில் எங்கோ பிழை என்போம். இதே பகுப்பு மேசைக்கும் பொருந்தும்.

சிறு காகித வளையங்களால் பந்துகளின் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரே அடியை 20 முறை அடியுங்கள். தவறியவை எப்பக்கம் தவறின எனக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இருபுறமும் சிதறினால் குறை கோலோட்டத்தில் உள்ளது. அங்கே புதிய முறை உதவாது. ஒரே பக்கமாகவே தவறினால் குறியிலோ, கண் நிலையிலோ, உராய்வைக் கணக்கில் கொள்ளாமையிலோ காரணம் இருக்கலாம்; அங்கே ஒரு முறை பேருதவி புரியும்.

புதிய முறையைச் சோதிப்போர் பழைய முறையையும் அதையும் மாற்றி மாற்றி ஒரே அடியில் பயன்படுத்துக. 20-க்கு 12 என்பது 14 ஆனதும் மகிழ வேண்டா. அது தற்செயலாகவும் நேரும். 200-க்கு 120 என்பது 140 ஆனால் கருதத்தக்கது.

பெற்றோர் முதற்பணத்தை நிற்கும் நிலை, கோல்பிடி, நேரான ஓட்டம் ஆகியவற்றைக் கற்பிக்கும் பயிற்றுநருக்குச் செலவிடுவதே நன்று. அதன்பின் ஒரு முறையைத் தேர்ந்து, மூன்று மாதமேனும் அதனையே பின்பற்றச் செய்க. மாதந்தோறும் முறை மாற்றும் இளையவர், குறை தம் திறமையில்தான் என எண்ணி ஆட்டத்தையே கைவிட நேரிடும். எப்பக்கம் தவறுகிறோம் என்பதைத் தம் கையாலேயே எழுதி அறிந்த பிள்ளை, அடுத்த நாள் எதைத் திருத்த வேண்டும் என்ற தெளிவோடு மேசைக்குச் செல்லும்.