கவசம் குறைச்சல்... தைரியம் ஜாஸ்தி!

சனி, ஞாயிறு லீவு கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? துணி துவைப்போம், தூங்குவோம். இங்கிலாந்தில் சில ஆபீஸ்காரர்கள் ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய யுத்தத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை மறுபடி ஆபீஸ்!

அங்கே க்ளூஸ்டர்ஷயரில் ட்யூக்ஸ்பரி என்று ஒரு சின்ன ஊர். 1471 மே 4-ம் தேதி யார்க், லங்காஸ்டர் என்ற இரண்டு அரச வம்சங்கள் அங்கே மோதிக்கொண்டன. யார்க் கட்சியின் நாலாம் எட்வர்டு ஜெயித்தார். அந்தச் சண்டையை அதே ஊரில் ஜூலை மாதத் திருவிழாவாக நடித்துக் காட்டுகிறார்கள். ரிசல்ட் மட்டும் மாறவே மாறாது. லங்காஸ்டர் கோஷ்டி ஒவ்வொரு தடவையும் தோற்றே ஆகணும், பாவம்!

காமிராக்கள் எல்லாம் உச்சி முதல் உள்ளங்கால் வரை இரும்பு மாட்டிய பிரபுவைத்தான் சுற்றும். அந்த முழுக் கவசம் சுமார் 20, 25 கிலோ. செய்து வாங்க, நம் ரூபாயில் லட்சக்கணக்கில் ஆகும். மாசச் சம்பளக்காரன் எங்கே போவான்? அதனால் புதுசாகச் சேருகிறவர்களுக்குப் பெரும்பாலும் சிப்பாய் வேஷம்தான். மெத்தையைச் சட்டையாகத் தைத்த மாதிரி 'ஜாக்' என்று ஓர் அங்கி, விளிம்பு வைத்த இரும்புத் தொப்பி, கையில் வில் அல்லது நீளக் கம்பில் கொக்கிக் கத்தி. அவ்வளவுதான் கவசம்!

"துணியாவது, காப்பாற்றுவதாவது!" என்று சிரிக்காதீர்கள். பிரான்சின் 11-ம் லூயி காலத்து உத்தரவு ஒன்று, இந்த அங்கிக்கு 25, 30 அடுக்குத் துணி, அதன்மேல் மான் தோல் என்று கணக்குச் சொல்கிறது. 1415-ல் அஜின்கூர் சேற்றில் இரும்புப் பிரபுக்கள் கால் புதைந்து திணறியபோது, புகுந்து விளாசியவர்கள் லேசாக உடுத்திய இங்கிலாந்து வில்லாளிகள்தான்.

நடிப்புச் சண்டையிலும் இவர்கள்பாடு லேசில்லை. பிரபுமேல் கத்தி பட்டால் 'டங்' என்று சத்தம் வரும். ஜாக்காரர்மேல் பட்டால் சத்தம் அவர் வாயிலிருந்து வரும்! முகமும் விரல்களும் திறந்தே கிடக்கின்றன. எனவே கத்திகள் எல்லாம் மொண்ணை. அம்பு முனையில் ரப்பர் குமிழ். பொதுவாக, தலையில் அடிக்கக்கூடாது. முக்கியமாக, ஓங்கிய கையைக் கடைசி நிமிஷத்தில் இழுத்துக்கொள்ளத் தெரியணும். அது பழகாதவரைக் களத்தில் விடமாட்டார்கள்.

நடுவில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு சிலர் ஓடி ஓடி வருவார்கள். ஜூலை வெயிலில் இரும்புக்குள் வேகிற பிரபுவுக்கு எதிரியைவிடப் பெரிய ஆபத்து தாகம். அவர் உயிர் அந்தப் பாத்திரக்காரர் கையில்!

நம்மூர் ஆபீஸிலும் இதே கதைதானே? கவசம் மேனேஜருக்கு, அம்பு கிளார்க்குக்கு. ஒரே வித்தியாசம்... அங்கே அடிக்கிறவர் கடைசி நிமிஷத்தில் கையை இழுத்துக்கொள்கிறார்!