சேலையில் குத்திய பதக்கம்

இமயமலைச் சாரலில், தெஹ்ரி கர்வால் ஜில்லாவில் சம்பா என்று ஓர் ஊர். ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் அங்கே திருவிழாக் கோலந்தான். எந்தச் சுவாமிக்கு என்று கேட்கிறீர்களா? சுவாமிக்கு அல்ல, நேயர்களே! பக்கத்து மலைக் கிராமத்தில் பிறந்து, கடல் கடந்து போய்த் திரும்பாத கபர் சிங் நேகி என்ற சிப்பாய்க்கு!

1895 ஏப்ரல் 21-ந் தேதி பிறந்தவர் கபர் சிங். 1913-ல் கர்வால் ரைபிள்ஸ் படையில் சேர்ந்தார். மறு வருஷமே முதல் உலக யுத்தம் மூண்டது. அந்த மலை நாட்டுப் பிள்ளைகளைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பி வைத்தார்கள்.

1915 மார்ச் 10. நவ் ஷப்பேல் என்ற கிராமத்தை ஜெர்மானியரிடமிருந்து பிடிக்க வேண்டும். தாக்கிய படையில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்தியர்கள்.

பதுங்கு குழி என்றால் நேராக வெட்டிய வாய்க்கால் என்று நினைத்துவிடாதீர்கள். சில கஜத்துக்கு ஒரு திருப்பம் வைத்து வெட்டியிருப்பார்கள். திருப்பத்துக்கு அப்பால் துப்பாக்கியோடு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது தெரியாது. அந்தக் குழிக்குள் துப்பாக்கி முனை ஈட்டியும் எறிகுண்டும் ஏந்தி ஒரு சிறு கூட்டம் இறங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் முதலில் நுழைந்தவர் கபர் சிங். எதிரிகள் பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசியில் சரணடைந்தார்கள். ஆனால் அந்தச் சண்டையிலேயே அவர் உயிர் போயிற்று. இன்னும் ஆறு வாரம் இருந்திருந்தால் இருபது வயது நிரம்பியிருக்கும்!

விக்டோரியா கிராஸ் விருதை இந்தியச் சிப்பாய்களும் பெறலாம் என்று 1911-ல்தான் விதி வந்திருந்தது. 1915 ஏப்ரல் 28-ல் கபர் சிங்குக்கு அந்த விருது அறிவிக்கப்பட்டது. இருபதாவது பிறந்த நாள் கழிந்து சரியாக ஒரு வாரம்!

அவருக்குக் கல்லறை இல்லை. வீட்டுக்கு வந்தது ஒரு வெண்கலச் சிலுவைதான். இளம் மனைவி சதூரி தேவி அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. சேலையில் குத்திக்கொண்டார். 1981-ல் கண் மூடும் வரை அந்தப் பதக்கம் அவரை விட்டுப் பிரியவில்லை. அறுபத்தாறு வருஷம்! கணவர் உலகில் வாழ்ந்த காலத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல், அவர் நினைவைச் சுமந்தார் அந்த அம்மாள்.

நவ் ஷப்பேலில் 1927-ல் திறந்த நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. கல்லறை இல்லாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களை அதில் பொறித்திருக்கிறார்கள். கபர் சிங்கின் பெயரும் அவற்றில் ஒன்று.

மற்ற பெயர்களுக்குரியவர்களும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளைகள்தாமே? அந்த வீடுகளில் எத்தனை சதூரி தேவிகள் காத்திருந்தார்களோ! அவர்களில் அநேகருக்குச் சேலையில் குத்திக்கொள்ளப் பதக்கம்கூட வரவில்லை. சம்பாவில் திருவிழா நடக்கும்போது, அவர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்வோமே!