ஆறுமணிக் குருவி கிளம்பும் நாட்கள்

சென்னை மாம்பலத்தில், ஏரி போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிற லேக் வியூ ரோட்டுக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. சில வருஷங்களுக்கு முன், புரட்டாசிக் கடைசியில், கோலம் போடக் கதவைத் திறந்த அம்மா, "சீக்கிரம் வா, ஏதோ கலர் கலரா கெடக்கு" என்று கூப்பிட்டாள். பச்சை முதுகு, கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை, தோளில் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, இருக்கிறதா என்று தேட வேண்டிய குட்டை வால். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிக்கும் ஆறுமணிக் குருவி.

அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு இருட்டில் வைத்தோம். தண்ணீர் புகட்டவில்லை, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சாயங்காலம் மூடியைத் திறந்ததும் பக்கத்து வீட்டு மாமரத்துக்குப் பறந்தது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும் பறவை இது. குளிர்காலத்துக்குத் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பயணம் இரவில். இரவில் வலசை போகும் சிறு பறவைகள் நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் கொண்டு திசை அறிகின்றன. நகரத்து வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடி ஜன்னலில் மோதி விழுவதும் உண்டு.

பங்குனி, சித்திரையில் அது ஊர் திரும்புகிறது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் மே மாதம் வந்திறங்கும் பறவைகளை வரவேற்கக் கூட்டம் கூடும். நமக்கு அதே பருவம் வழியனுப்பும் பருவம். வடக்கே தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் மண்ணெல்லாம் புழு பூச்சி நெளியும். குஞ்சுகளுக்கு ஊட்ட அந்த மழை வேண்டும். கிளம்பும் நேரம் வந்ததென்று வலசைப் பறவைகளுக்குச் சொல்லும் பெரிய அறிகுறி பகல் நீள்வதுதான். ஆனால் சென்னையில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான்.

கிளம்புமுன் உடம்பில் கொழுப்பு ஏற வேண்டும். வழிக்கு அதுதான் கட்டுச்சோறு. அந்தச் சாப்பாட்டைப் பார்க்க மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, சைதாப்பேட்டை தாண்டிக் கிண்டியில் இறங்குவேன். 1978-ல் தேசியப் பூங்காவான 2.7 சதுர கிலோமீட்டர் புதர்க்காட்டை ஒட்டியே சிறுவர் பூங்கா. போன பங்குனியில், வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆறுமணிக் குருவி இரண்டடி தத்தியது, நின்றது, ஒரு சருகை அலகால் கவ்வி ஓரமாக எறிந்தது, அடியில் இருந்த புழுவை எடுத்தது. பிறகு அடுத்த சருகு. இருபது நிமிஷம், அதே இரண்டு முழ இடத்தில். இந்தச் சருகைத்தான் குப்பை என்று பெருக்கிக் கொளுத்துகிறோம். எனக்கு அதில் தீராத வருத்தம்.

அது போவதை நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடும். விடியலில் சீழ்க்கை இருக்காது, அவ்வளவுதான். அதனால் மார்ச் பிறந்ததும், சத்தம் கேட்ட நாளுக்கெல்லாம் தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்குமுன் அதில் ஒரு புள்ளி வைத்து எடுத்துவைக்கிறேன். இந்த வருஷம் கடைசிப் புள்ளி ஏப்ரல் 19. மறுநாள் மாமரத்தில் குயில் மட்டும் கூவியது.