பச்சை விளக்கு எரிகிறது, மின்கலம் உயிரோடிருக்கிறதா?

தேவதானப்பட்டியில் ஒரு வீட்டிற்கு இல்லப் பராமரிப்புக் குழுவினராக நாங்கள் சென்றிருந்தோம். பக்கவாதத்திற்குப் பின் கழுத்தில் மூச்சுத்துளை இடப்பட்ட தாயாரை மகள் கவனித்து வருகிறார். சளி உறிஞ்சும் கருவி கட்டிலருகே எந்நேரமும் மின்இணைப்பிலேயே இருந்தது. அதன் பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டோம். “வாங்கும்போது அரை மணி நேரம் ஓடும்னு சொன்னாங்க சார்” என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மோட்டாரின் ஒலி தேய்ந்து அடங்கியது. கருவி வாங்கி மூன்று ஆண்டுகள். இதுவரை மின்தடை வந்தபோதெல்லாம் வீட்டு இன்வெர்ட்டர்தான் அதை ஓட்டியிருக்கிறது. உள்ளிருந்த மின்கலம் எப்போது செத்தது என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது.

பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை. மின்னழுத்தம் உரிய அளவை எட்டிவிட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. தூர் வாராத கண்மாயை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கரையைத் தொட்டு நிற்கும். மடையைத் திறந்தால் நாலே நாளில் தரை தெரியும். பழைய மின்கலமும் அப்படித்தான். மட்டம் சரியாக இருக்கும், கொள்ளளவு இராது.

எனவே கொள்ளளவை அறிய ஒரே வழி, ஓட்டிப் பார்ப்பதுதான். முழுவதும் மின்னேற்றிய பின் இணைப்பை நீக்கி, கருவியை இயக்கி, கடிகாரத்தைப் பாருங்கள். கையேட்டில் குறித்துள்ள நேரத்தில் பாதிகூட வரவில்லையென்றால் மின்கலத்தை மாற்றிவிட வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்து, தேதியையும் நிமிடங்களையும் கருவியின் மீதே ஒட்டி வையுங்கள். நோயாளிக்குக் கருவி தேவைப்படாத வேளையில், மின்சாரம் இருக்கும்போது மட்டுமே இச்சோதனை.

இரத்த அழுத்தமானி போன்ற சிறு கருவிகளில் சிக்கல் வேறு விதமானது. அவற்றில் நான்கு பென்சில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். நான்கில் ஒன்று செத்தாலும் கருவி நின்றுவிடும். நாமோ நான்கையும் குப்பையில் போடுகிறோம், அல்லது ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டு மற்ற மூன்றையும் தொடர்கிறோம். இரண்டும் சரியல்ல. மின்னேற்றத்தக்க நிக்கல் செல்லின் இயல்பான அழுத்தம் 1.2 வோல்ட். நான்கையும் முழுவதும் ஏற்றிப் பயன்படுத்தி, கருவி ‘பேட்டரி குறைவு’ என்று காட்டியதும் மல்டிமீட்டரால் தனித்தனியே அளந்தால், மூன்று 1.2ஐ ஒட்டியும் ஒன்று மட்டும் 1 வோல்ட்டுக்கு வெகுகீழேயும் நிற்பதைக் காணலாம். குற்றவாளி அதுவே. மாற்றும்போது ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒரே வயதுடைய நான்கையும் சேர்த்தே போடுங்கள். நல்ல மூன்றைச் சுவர்க்கடிகாரத்திற்கும் ரிமோட்டுக்கும் கொடுத்துவிடலாம். சில அழுத்தமானிகள் 1.5 வோல்ட் சாதாரண செல்லுக்கென்றே செய்யப்பட்டவை. கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆக்சிஜன் செறிவூட்டி உள்ள வீடுகளில் இன்வெர்ட்டரே தெய்வம். அதன் 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உள்ளன. முழுமையாக ஏற்றி ஓய்வில் விட்டால் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எவ்வளவு ஏற்றினாலும் 10.5ஐத் தாண்டவில்லையென்றால் ஓர் அறை செத்துவிட்டது என்று கொள்ளலாம். அந்த அறையை மட்டும் மாற்ற இயலாது. பேட்டரியையே மாற்ற வேண்டும். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். நம் பகுதிக் கோடையில் தகரக் கூரையின் கீழ் வைத்த பேட்டரி விரைவில் கெடும். மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் நோயாளியின் அறையிலும் அதை வைக்கக் கூடாது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டளவில் 1800 வாட்-மணி உண்டு. 350 வாட் செறிவூட்டி ஐந்து மணி நேரம் ஓடும் என்று தோன்றும். பேட்டரியை ஒட்டக் கறக்காமலும், இன்வெர்ட்டரில் வீணாவதைக் கழித்தும் பார்த்தால், புதிய பேட்டரியிலேயே இரண்டரை, மூன்று மணி நேரத்தைத்தான் நம்பலாம். பராமரிப்புக்காக அறிவிக்கப்படும் மின்தடையோ காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை நீள்கிறது! நாளிதழில் அறிவிப்பைக் கண்டவுடன் ‘பி’ வகை ஆக்சிஜன் உருளை ஒன்றைத் தயாராக வையுங்கள். அதிலுள்ள சுமார் 1500 லிட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வரும்.

லித்தியம் மின்கலம் உள்ள கருவிகளை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். உப்பியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, உடனே பயன்பாட்டை நிறுத்திவிட்டுக் கருவி நிறுவனத்தாரை அழையுங்கள். கைபேசிக் கடையில் ‘உள்ளே செல்லை மட்டும்’ மாற்றிக்கொள்வது மலிவுதான். ஆனால் உயிர் காக்கும் கருவியில் அந்த மலிவு வேண்டாம். ஆக்சிஜன் ஓடும் அறையில் பற்றவைப்பு வேலை எதுவும் கூடவே கூடாது.

இதய முடுக்கி பொருத்தப்பட்டவர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டியதில்லை. 1958இல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடலுக்குள் பொருத்திய முதல் முடுக்கியில்தான் மின்னேற்றத்தக்க நிக்கல்-காட்மியம் செல்கள் இருந்தன. அக்கருவி சில மணி நேரமே உழைத்தது. அவருக்கு அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட முடுக்கிகள் மாற்றப்பட்டன, 2001 வரை வாழ்ந்தார். இன்றைய முடுக்கிகளில் இருப்பது பல ஆண்டுகள் உழைக்கும் லித்தியம் மின்கலம். அது தளர்வதை வழக்கமான பரிசோதனையிலேயே முன்கூட்டி அறியலாம். பரிசோதனைக்கு வரத் தவறாதீர்கள்.

தேவதானப்பட்டி வீட்டுக் கருவிக்குள் இருந்தது மூடிய ஈய-அமில மின்கலம். பணிமனையர் வந்து அதே வோல்ட், அதே ஆம்பியர்-மணி உள்ள புதியதைப் பொருத்தினார். கடையில் நெடுநாள் கிடந்ததும் பாதி செத்ததுதான் என்பதால், உற்பத்தித் தேதியைப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தோம். அதுவரை அவசரத்துக்குக் காலால் மிதித்து இயக்கும் உறிஞ்சி ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தோம். பழையதை வீட்டுக் குப்பையில் சேர்க்காமல் விற்பனையாளரிடமே ஒப்படைத்தாயிற்று. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகளும் அதையே வலியுறுத்துகின்றன.

அடுத்த முறை சென்றபோது மகளே பிளக்கைப் பிடுங்கி ஓட்டிக் காட்டினார். முப்பத்து நான்கு நிமிடம். கருவியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்திரியில், தேதிக்குக் கீழே, அதைப் பேனாவால் எழுதினார்.