நூறு டாலரில் எட்டு டாலர் எங்கே போகிறது?

மணியார்டர் காலத்துக் கணக்கில் குழப்பமே இல்லை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு நூறு ரூபாய் அனுப்ப வேண்டுமென்றால், அஞ்சலக ஜன்னலில் நூற்றைந்து ரூபாய் நீட்ட வேண்டும். இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். அங்கே தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுக்கும்போது நூறு ரூபாய் முழுசாக இருக்கும். அனுப்புகிறவர் செலவை ஏற்றுக்கொண்டார் என்பது இரு பக்கத்துக்கும் தெரியும்.

இன்று தஞ்சாவூரில் இருக்கும் ஒரு சிறு வியாபாரி, கண்ணாடிச் சட்டமிட்ட சின்ன தஞ்சாவூர் ஓவியம் ஒன்றை இணையத்தில் 100 டாலருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டெக்சாஸில் இருக்கும் ஒருவர் அதை வாங்கி, பேபால் வழியாக 100 டாலர் கட்டுகிறார். அவர் கையிலிருந்து போனது 100. வியாபாரியின் வங்கிக் கணக்குக்கு வருவது அதுவல்ல.

வெளிநாட்டுப் பணம் பெறும் இந்திய விற்பனையாளருக்கு பேபால் அறிவித்த வழக்கமான கட்டணம் 4.4 சதவீதம், அதோடு ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 30 சென்ட். ஆக, முதல் கட்டத்திலேயே 4 டாலர் 70 சென்ட் போய்விடுகிறது. மிச்சம் 95 டாலர் 30 சென்ட். அதை ரூபாயாக மாற்றும்போது சந்தை விலை கிடைப்பதில்லை. 3 முதல் 4 சதவீதம் குறைத்த விலைதான் கிடைக்கிறது. 4 சதவீதம் என்று வைத்தால் இன்னொரு 3 டாலர் 81 சென்ட் கழிகிறது. கடைசியில் வந்து சேர்வது சுமார் 91 டாலர் 50 சென்ட்டுக்கு ஈடான ரூபாய். எட்டரை டாலர் வழியிலேயே நின்றுவிட்டது. ஓவியத்தில் ஒட்டிய தங்கத் தகடு, கூலி, பார்சல் செலவு எல்லாம் போக அந்த வியாபாரிக்கு மிஞ்சும் லாபமே அவ்வளவுதான் இருக்கக்கூடும்.

செலவு அனுப்புகிறவருடையது என்றிருந்த மணியார்டர் வழக்கம் எப்படிப் பெறுகிறவர் தலைக்கு மாறியது? அதற்கு பேபாலின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1998இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அது. புதிதாகச் சேருகிறவருக்கு 10 டாலர், ஆள் சேர்த்துவிட்டவருக்கு 10 டாலர் என்று கையிலிருந்த காசைக் கொடுத்துத்தான் கூட்டம் சேர்த்தது. ஈபே ஏலத் தளத்தில் பழைய பொம்மை, நாணயம், கேமரா விற்றவர்களுக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது. காசோலை தபாலில் வருகிறதா என்று பத்து நாள் காத்திருக்க வேண்டியதில்லை. வாங்குபவரிடம் பணம் கேட்டால் அவர் ஓடிவிடுவார், விற்பவரோ விற்பனைக்காகக் கட்டணத்தைப் பொறுத்துக்கொள்வார் என்பது சீக்கிரமே புரிந்துபோனது. முதலில் இலவசமாக இருந்த சேவைக்கு விற்பவரிடம் மட்டும் கட்டணம் வந்தது. 2002இல் ஈபே 150 கோடி டாலருக்கு பேபாலையே வாங்கியது. விற்பவர் கட்டுவது என்பது அதற்குள் வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

அந்த வழக்கத்துக்கு ஒப்பந்தத்தில் பூட்டும் உண்டு. 'பேபாலில் கட்டினால் நாலு சதவீதம் கூடுதல்' என்று விற்பவர் தனியாகக் கேட்பதை அந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலான நாடுகளில் தடுக்கின்றன. அட்டை நிறுவனங்களும் நீண்ட காலம் இதே விதியை வைத்திருந்தன. ஆஸ்திரேலிய மத்திய வங்கி 2003இல் அந்த விதியை நீக்கி, கடைக்காரர் கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் நேர் எதிராக நடந்தது: 2018 ஜனவரி 13 முதல், பொதுமக்கள் வழக்கமான அட்டைகளில் கட்டும்போது கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டமே போட்டது. ஒரே சுமை, இரண்டு கண்டங்களில் இரண்டு தோள்களில்.

அட்டையில் கட்டும்போது நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தச் சுமையின் உள்கட்டு விளங்கும். வாங்குபவருக்கு அட்டை கொடுத்த வங்கி ஒன்று, கடைக்காரரின் வங்கி ஒன்று, நடுவில் விசா அல்லது மாஸ்டர்கார்ட். கடைக்காரரின் வங்கி, அட்டை கொடுத்த வங்கிக்கு ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு பங்கு கொடுக்கிறது. இன்டர்சேஞ்ச் என்று அதற்குப் பெயர். அந்தப் பங்கைக் கடைக்காரரிடமிருந்துதான் அவருடைய வங்கி வசூலிக்கிறது. அட்டைக்காரருக்கு ரிவார்டு பாயிண்ட், கேஷ்பேக் என்று வருவதில் ஒரு பகுதி இந்தப் பணம்தான். கடைக்காரர் கொடுத்த காசு சுற்றி வந்து வாடிக்கையாளரின் விமானப் பயணச் சலுகையாக மாறுகிறது.

இந்த இன்டர்சேஞ்ச் எவ்வளவு இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பிரிட்டன் ஒரு பாடம் படித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் டெபிட் அட்டைக்கு 0.2 சதவீதம், கிரெடிட் அட்டைக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு கட்டியது. பிரிட்டன் உள்ளே இருந்தவரை, பாரிஸில் இருப்பவர் லண்டன் கடையில் இணையத்தில் 100 யூரோவுக்குப் பொருள் வாங்கினால் கடைக்காரர் பக்கத்திலிருந்து போன இன்டர்சேஞ்ச் 20 அல்லது 30 சென்ட். பிரிட்டன் வெளியேறிய பிறகு அந்த உச்சவரம்பு இரு நாட்டுக்கு இடையிலான விற்பனைக்குப் பொருந்தாமல் போனது. 2021, 2022 ஆண்டுகளில் விசாவும் மாஸ்டர்கார்டும் இணைய விற்பனைக்கான கட்டணத்தை டெபிட்டுக்கு 1.15, கிரெடிட்டுக்கு 1.5 சதவீதமாக உயர்த்தின. 20 சென்ட் இருந்த இடத்தில் 1 யூரோ 15 சென்ட். 30 சென்ட் இருந்த இடத்தில் ஒன்றரை யூரோ.

வாங்கியவர் அதே ஆள். விற்றவர் அதே கடை. பணம் போன கம்பியும் அதேதான். வேலை ஐந்து மடங்காகவில்லை, கட்டணம் மட்டும் ஐந்து மடங்கு ஆனது. பிரிட்டனின் பணப்பரிமாற்ற ஒழுங்குமுறை அமைப்பு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், இந்த உயர்வால் அந்நாட்டு வணிகங்களுக்கு ஆண்டுக்கு 15 கோடி முதல் 20 கோடி பவுண்டு வரை கூடுதல் செலவு என்று கணக்கிட்டது. எல்லை தாண்டும் கட்டணம் என்பது தூரத்துக்கான கூலி என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சம்பவத்தை மறக்கக் கூடாது. யார் கேள்வி கேட்க முடியாதோ, அவரிடம் ஏறும் விலை அது.

வங்கி வழியாக நேரடியாகப் பணம் அனுப்பும் உலகம் வேறு. கரூரிலிருந்து மேசை விரிப்பும், திருப்பூரிலிருந்து பனியனும் ஏற்றுமதி செய்பவர்களுக்கு அது பழகிய உலகம். 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கிய ஸ்விஃப்ட் அமைப்பின் செய்தி வழியாக வங்கிகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. அந்தப் படிவத்தில் ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. மூன்று எழுத்து எழுத வேண்டும். ஓ.யு.ஆர். என்று எழுதினால் எல்லா வங்கிச் செலவும் அனுப்புகிறவருடையது. பி.இ.என். என்று எழுதினால் எல்லாம் பெறுகிறவருடையது. எஸ்.எச்.ஏ. என்றால் அவரவர் பக்கத்துச் செலவு அவரவருக்கு.

பெரும்பாலும் எழுதப்படுவது மூன்றாவதுதான். பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அமெரிக்காவின் ஒரு சிறிய வங்கியிலிருந்து கரூரின் ஒரு கிளைக்குப் பணம் நேராக வருவதில்லை. நடுவில் ஒன்றோ இரண்டோ வங்கிகள் நின்று கைமாற்றி விடுகின்றன. அவை தங்கள் கூலியை ஓடுகிற பணத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. 1,000 டாலர் இன்வாய்ஸுக்கு 975 வந்து நிற்கும். வாங்கியவர் ஆயிரம் அனுப்பிய ரசீதைக் காட்டுவார். விற்றவர் வங்கிக் கணக்கைக் காட்டுவார். இருவரும் உண்மையே சொல்கிறார்கள். அனுபவப்பட்ட ஏற்றுமதியாளர்கள் இதனால்தான் 'உங்கள் நாட்டுக்கு வெளியே ஆகும் வங்கிச் செலவு உட்பட எல்லாம் வாங்குபவருடையது' என்று இன்வாய்ஸிலேயே எழுதிவிடுகிறார்கள். முதல் ஆர்டருக்குத் தவம் கிடக்கும் புதியவருக்கு அதை எழுதும் துணிச்சல் வருவதில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் எங்கோ ஒரு தாளில் கட்டணம் என்ற பெயரில் வருபவை. பெயரே இல்லாமல் போகும் பணம் நாணய மாற்றில் இருக்கிறது. எஸ்டோனியாவைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள், டாவெட் ஹின்ரிகஸும் கிறிஸ்டோ கேர்மனும், லண்டனில் இருந்தபோது இதை உணர்ந்தார்கள். ஒருவருக்குச் சம்பளம் யூரோவில், செலவு பவுண்டில். இன்னொருவருக்குச் சம்பளம் பவுண்டில், எஸ்டோனியாவில் கட்ட வேண்டிய வீட்டுக் கடனோ யூரோவில். வங்கியை விட்டுவிட்டு, அன்றைய சந்தை விலைக்குத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். பணம் எல்லை தாண்டவே இல்லை, வேலை முடிந்தது. அந்த யோசனையே 2011இல் டிரான்ஸ்ஃபர்வைஸ் நிறுவனமாகி, இன்று வைஸ் என்ற பெயரில் நடக்கிறது. சந்தை விலையிலேயே மாற்றிக் கொடுத்து, கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டுவதுதான் அவர்கள் செய்த பெரிய வேலை.

வாங்குபவர் தப்பித்தார் என்றும் சொல்ல முடியாது. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுத் தளத்தில் கிரெடிட் கார்டில் வாங்கினால், பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை மார்க்கப் கட்டணம் போடுகின்றன. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இரண்டும் சேர்ந்தால் 4.13 சதவீதம். சிலர் 'ரூபாயில் கட்டலாம்' என்று தளம் காட்டும் பொத்தானை நிம்மதியாக அழுத்துகிறார்கள். அப்போது நாணய விலையை நிர்ணயிப்பது விற்பவர் பக்கத்து நிறுவனம். அது பெரும்பாலும் அட்டையின் விலையைவிட மோசமாகவே இருக்கும். கடை வெளிநாட்டில் பதிவானது என்பதற்காக, ரூபாயில் கட்டினாலும் ஒரு சதவீதம் வாங்கும் வங்கிகளும் இருக்கின்றன. ஆக, தஞ்சாவூரில் ஓவியம் விற்றவரும் கட்டுகிறார், சென்னையில் அமெரிக்கப் புத்தகம் வாங்கியவரும் கட்டுகிறார்.

சின்ன விற்பனைக்கு இது இன்னும் கடுமை. தையல் மாதிரிப் படம் ஒன்றை 5 டாலருக்கு விற்பவருக்கு 4.4 சதவீதம் என்பது 22 சென்ட்தான். நிலைக் கட்டணமான 30 சென்ட் சேரும்போது 52 சென்ட் ஆகிறது. பத்தில் ஒரு பங்கு போயிற்று. வாடிக்கையாளர் மனம் மாறிப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், பேபால் 2019இல் மாற்றிய விதிப்படி விற்பவர் கட்டிய கட்டணம் அவருக்குத் திரும்ப வராது. விற்காத பொருளுக்கும் கட்டணம் கட்டிய கணக்கு அது.

இதிலிருந்து தப்பிக்கச் சில நாடுகளில் விற்பவர்கள் ஒரு குறுக்கு வழி சொல்வதுண்டு: 'நண்பருக்கு அனுப்புவதாகப் போட்டு அனுப்புங்கள்.' அப்படி அனுப்பினால் விற்பவருக்குக் கட்டணம் இல்லை. எல்லை தாண்டும் செலவு அனுப்புகிறவரிடமே போகிறது. ஆனால் வாங்கியவருக்கு இருக்கும் பாதுகாப்பும் அதோடு போய்விடுகிறது. பொருள் வராவிட்டால் முறையிட இடமில்லை. மோசடிக்காரர்கள் விரும்பிக் கேட்பதும் இதே வழியைத்தான். தெரியாத விற்பனையாளர் இப்படிக் கேட்டால் வாங்காமல் விடுவதே நல்லது.

இலங்கையில் கதை இன்னும் வேதனையானது. பல ஆண்டுகளாக அங்கிருந்து பேபாலில் பணம் கட்ட முடிந்தது; வாங்க முடியவில்லை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்து வெளிநாட்டு வேலை செய்யும் இளைஞர்கள் இன்னொரு இடைத்தரகு சேவையைச் சுற்றி வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கூலி.

இந்தியாவில் உள்நாட்டுக்குள் இந்தக் கேள்விக்கு அரசே பதில் எழுதிவிட்டது. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.யிலும் ரூபே டெபிட் அட்டையிலும் பணம் வாங்கும் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. தேநீர்க் கடைக்காரரின் க்யூஆர் அட்டையில் பத்து ரூபாய் போட்டால் பத்து ரூபாயும் அவருக்கே. எல்லை தாண்டும்போது அந்தப் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. ஏற்றுமதிப் பணத்தை இணையச் சேவைகள் வழியாக வாங்க ரிசர்வ் வங்கி 2010இல் அனுமதித்தபோது ஒரு பரிமாற்றத்துக்கு 500 டாலர் வரம்பு. 2011இல் 3,000, 2013இல் 10,000 என்று அது வளர்ந்தது. 2023 அக்டோபர் 31ஆம் தேதிச் சுற்றறிக்கை இந்த நிறுவனங்களை நேரடி மேற்பார்வைக்குள் கொண்டுவந்து, ஒரு பொருளுக்கு 25 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தது. வரம்பு பெருகியது, கண்காணிப்பு கூடியது; எல்லை தாண்டும் கட்டணத்துக்கு உள்நாட்டைப் போல ஒரு கோடு விழவில்லை.

2023 பிப்ரவரி 21 அன்று யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநௌவும் இணைந்தது நல்ல தொடக்கம். அங்கிருக்கும் மகன் ஊருக்குப் பணம் அனுப்ப அது உதவுகிறது. ஆனால் அது ஆளுக்கு ஆள் அனுப்பும் வழியாகவே திறந்தது. சில்லறை வணிகப் பணம் எல்லை தாண்ட ஆகும் சராசரிச் செலவை 2027 முடிவுக்குள் 1 சதவீதத்துக்கு மேல் போகாமல் கொண்டுவர ஜி20 நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. தஞ்சாவூர் வியாபாரியின் எட்டரைக்குப் பக்கத்தில் அந்த ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும்.

அதுவரை அவர் என்ன செய்வார்? கட்டணத்தைத் தனியாகக் கேட்க முடியாது, விலைக்குள் வைக்கலாம். முழுசாக 100 டாலர் கைக்கு வர வேண்டுமென்றால் ஓவியத்துக்கு 109 டாலர் 30 சென்ட் என்று எழுத வேண்டும். டெக்சாஸ்காரர் அந்த விலையைக் கொடுத்தால் கட்டணத்தை உண்மையில் கட்டியவர் அவர்தான், அவருக்கு அது தெரியாமலேயே. கொடுக்காவிட்டால், அதே அளவு ஓவியத்துக்கு 99 டாலர் என்று அடுத்த கடை எழுதியிருப்பதைப் பார்த்து நம் வியாபாரியும் விலையை இறக்குவார். அந்த ஒன்பது டாலரை ஓவியரின் கூலியில் தேடுவதா, தங்கத் தகட்டின் தரத்தில் தேடுவதா என்று அன்றிரவு அவர் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.