எண்ணாக இருந்த தீவுகளுக்கு வீரர்களின் பெயர்

2023 ஜனவரி 23 வரை அந்தமானின் அந்தத் தீவு அரசு ஆவணங்களில் வெறும் ‘ஐஎன்ஏஎன் 370’. பெயரில்லாத தீவுகளில் பெரியது அதுதான். நேதாஜி பிறந்த நாளான அன்று, அதற்கு மேஜர் சோம்நாத் சர்மாவின் பெயர் சூட்டப்பட்டது. 1947 நவம்பர் 3 அன்று காஷ்மீரின் பட்காமில், இடது கையில் மாவுக்கட்டோடு இயந்திரத் துப்பாக்கிக்காரர்களுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்தபடியே உயிர்விட்டவர். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயரிய விருதான பரம் வீர் சக்ரா முதலில் அவருக்குத்தான்.

இரண்டாவது பெரிய தீவு இரண்டாவதாக விருது பெற்றவருக்கு. இப்படியே 21 தீவுகள், 21 பேர். யார் மேஜர், யார் சிப்பாய் என்று பதவி பார்க்கவில்லை; நல்ல ஏற்பாடு. இவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பிறகே விருது வந்தது.

வேறு ஒருவரின் பெயரை எடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதால் சச்சரவும் எழவில்லை. எடுக்கும்போதுதான் சிக்கல். 2018இல் ஹேவ்லாக் தீவு ‘ஸ்வராஜ்’ ஆனது. நீல் தீவு ‘ஷாகித்’ ஆனது. ஹேவ்லாக்கும் நீலும்கூடப் பணியில் இறந்த ராணுவத்தார்தான். இருவரும் 1857இல் லக்னோவில் மாண்டார்கள். ஆனால், கிளர்ச்சியை ஒடுக்க வந்த பிரிட்டிஷ் தரப்பில்.

நீலை நம்மவர்கள் நன்றாக அறிவார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை அகற்றச் சொல்லி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. பலர் சிறை சென்றார்கள். 1937இல் ராஜாஜி ஆட்சிதான் அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அவர் பெயரால் அமைந்ததாகச் சொல்லப்படும் தீவோ மேலும் 81 ஆண்டுகள் அதே பெயரில் கிடந்தது. கண்ணில் படும் சிலை உறுத்திய அளவுக்கு வரைபடத்துப் பெயர் யாரையும் உறுத்தவில்லை போலும்.

இந்த 21 பேரில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் ஒருவர். இந்திய அமைதிப்படையில் இருந்தவர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் நடந்த மோதலில் நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும், எதிராளியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார் என்கிறது விருதுக் குறிப்பு. பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயின்றவர். அங்குள்ள அணிவகுப்பு மைதானத்துக்கும் அவர் பெயர்தான். பயிற்சி முடித்த இளம் அதிகாரிகள் அந்த மைதானத்தில்தான் அணிவகுத்துப் படையில் சேர்கிறார்கள்.

என்னைக் கேட்டால், ஆளில்லாத தீவைவிட அந்த மைதானமே அவருக்குப் பொருத்தமான மரியாதை. வீரர்களின் பெயரை வைக்க இடம் தேடுவோர், நாள்தோறும் ஆட்கள் புழங்கும் இடங்களை முதலில் பார்க்கட்டும்.