புண்ணுக்கு எந்தக் களிம்பு?

மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு மூக்கைச் சுற்றியும் வாயோரத்திலும் புண் வருவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் சிறு கொப்புளம் வரும். அது உடைந்து நீர் வடியும். பிறகு தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்கு கட்டும். பாக்டீரியா என்னும் கிருமிதான் காரணம். புண் உள்ள பிள்ளை துடைத்த துண்டால் மற்றப் பிள்ளைக்கும் தொற்றும்.

இதற்கு முபிரோசின், பியூசிடிக் அமிலம் போன்ற ஆண்டிபயாட்டிக் களிம்புகள் உண்டு. டாக்டர் எழுதித் தர வேண்டும். பொருக்கின் மேலேயே தடவினால் மருந்து உள்ளே போகாது. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து ஒற்றுங்கள். பொருக்கு ஊறிக் கழன்று வரும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, மெல்லிசாகத் தடவினால் போதும். அப்பிப் பூசினால் காசுதான் வீண். தடவிய கையையும் கழுவ வேண்டும். இரண்டு, மூன்று நாளில் புண் வாடும். உடனே நிறுத்தக் கூடாது. டாக்டர் சொன்ன நாள் வரை, பெரும்பாலும் 5 முதல் 7 நாள், தடவ வேண்டும். பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி மீண்டும் பெருகும்.

படர்தாமரை பூஞ்சைக் காளானால் வருவது. சொறி சிறு பூச்சியால் வருவது. இந்த இரண்டுக்கும் இந்தக் களிம்பு பயன்படாது. கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கலாம். அரிப்பு அடங்கும், படர்தாமரையோ பரவும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதித்தது.

புண் உடம்பெங்கும் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ களிம்பு போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். புண் ஆறிய சில வாரத்தில்கூடச் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும். முகம் வீங்கும். சிறுநீர் கறுத்துப் போகும். அப்படிக் கண்டால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.